மீன் உனக்கு, ஓடை எனக்கு

குழாய்ப் பாலத்தைப் பற்றியெல்லாம் அரசியல் கட்டுரை எழுத முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 21 பூர்வகுடிகள் சேர்ந்து 2001 முதல் 2018 வரை அதற்காகத்தான் வழக்காடினார்கள். சுற்றுச்சூழல் என்றாலே மேல்சாதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

1854 டிசம்பரில் மெடிசின் கிரீக் என்னுமிடத்தில் நிஸ்குவாலி, புயாலப் முதலான குடிகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ். நிலம் வெள்ளையருக்கு. வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் மற்ற குடிமக்களோடு 'பொதுவில்' மீன்பிடிக்கும் உரிமை பூர்வகுடிகளுக்கு. இந்தப் 'பொது'தான் பின்னால் அவர்கள் கையைக் கட்டியது. எல்லாருக்கும் பொது, அதனால எல்லாரையும் போல லைசென்ஸ் எடு, நாங்க சொல்ற நாள்ல, நாங்க சொல்ற இடத்துல பிடி என்றது மாநிலம். பில்லி ஃப்ராங்க் என்ற நிஸ்குவாலிக்காரரை 1945இல் முதன்முதலாகக் கைது செய்தபோது அவருக்கு வயசு 14. அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல் உள்ளே போய் வந்தார். 1960களில் தடையை மீறி ஆற்றில் வலை போடுவதையே போராட்ட வடிவமாக்கினார்கள். 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார்: பொது என்றால் பாதி. பிடிக்கத்தக்க மீனில் சரிபாதி பூர்வகுடிகளுக்கு.

'ஊர்ப்பொது' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. கண்மாய் பொதுதான். மீன்பாசி ஏலமும் பொதுதான். ஏலம் கூறுவது ஊர் மந்தையில். சேரிக்காரன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, பாதி வந்தது. எதில் பாதி? சால்மன் மீன் ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பி வருகிற மீன். பெட்டை வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். கல் இடுக்கில் குளிர்ந்த, தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மேலே காட்டை வெட்டி வண்டல் இறங்கினால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். கரையில் மரம் இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறும். விழுந்து கிடக்கும் மரங்கள்தான் மடுவை உண்டாக்கும், குஞ்சு ஒதுங்க இடம் தரும். இந்த மரங்களை மீனுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, போன நூற்றாண்டின் நடுவில் பல ஓடைகளில் அதிகாரிகளே இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்தார்கள். இப்போது ஹெலிகாப்டர் வைத்துத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். படித்தவர்களின் சுத்தம் எப்போதுமே கொஞ்சம் ஆபத்தானது.

அடுத்தது குழாய்ப் பாலம். ரோடு போடுகிறவன் ஓடையை ஒரு குழாய்க்குள் நுழைத்து மேலே தார் ஊற்றிவிடுவான். குழாய் ஓடையைவிடக் குறுகல், ஆகவே தண்ணீர் சீறிக்கொண்டு பாயும், குஞ்சால் எதிர்நீச்சல் போட முடியாது. பாயும் நீர் வாய்ப்பக்கம் மண்ணை அரித்து அரித்து, கடைசியில் குழாய் அந்தரத்தில் தொங்கும். கடலிலிருந்து வந்த மீன் அதன் கீழே மோதி மோதித் திரும்பும். மேலே மைல்கணக்கில் நல்ல ஓடை சும்மா கிடக்கும்.

மீன்பிடிக்கும் உரிமை என்றால் மீன் வரும் வழியும் அதில் அடங்கும் என்பதுதான் பூர்வகுடிகளின் வாதம். மாநிலத்தின் வாதமோ, சால்மன் ஏறும் ஓடைகள் அத்தனையையும் அடைத்தால்கூட ஒப்பந்தத்தை மீறியதாகாது என்கிற இடத்தில் போய் நின்றது. நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன், எனக்கு இது நன்றாகப் புரிகிறது: பாஸ்புக் உன்னிடமே இருக்கட்டும், பணத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 2007இல் நீதிமன்றம் பூர்வகுடிகள் பக்கம் நின்றது. 2013இல் பாலங்களை மாற்றக் கெடு விதித்தது. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, நான்குக்கு நான்கு என்று பிரிந்து, கீழ்த்தீர்ப்பே நிலைத்தது. அடைபட்ட வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030க்குள் திறந்துவிடவேண்டும். செலவு பல நூறு கோடி டாலர். இவ்வளவு பணமா என்று அங்கே இப்போது அலறுகிறார்கள். அடைத்தபோது மிச்சம் பிடித்த பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஓடை எதுக்கு, பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்து விட்டால் போதாதா என்பார்கள். பூர்வகுடிகளே பொரிப்பகம் நடத்துகிறார்கள்தான். ஆனால் ஓடைக்குப் பதில் பொரிப்பகம் என்று ஒப்புக்கொண்டால், மீன் விடுகிறவன் கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உரிமை சலுகையாகிப்போகும். நமக்குத் தெரியாத வித்தையா இது.

இங்கே ஓடை சீரமைப்பு என்றால் ஜேசிபி. நாணலை வாரியெறிந்து, மணலை அள்ளி, அடியிலும் கரையிலும் கான்கிரீட் போட்டு, போர்டு வைத்துவிடுவார்கள். ஆராலுக்குச் சேறு வேண்டும், அயிரைக்கு மணல் வேண்டும். கண்மாயில் ஏலம் எடுக்க முடியாதவர்கள் கூடையும் தூண்டிலுமாகப் பிடித்துக் குழம்பு வைக்கிற மீன்கள் இவை. எந்த மதிப்பீட்டிலும் இவற்றுக்கு ஒரு வரி கிடையாது. அடுத்த முறை என்ஜினியர் டேப்போடு உங்கள் ஓடைக்கு வரும்போது மாணவத் தோழர்கள் கூட நில்லுங்கள். புதுத்தண்ணி வந்தா மீன் எந்தப் பக்கமா ஏறும்னு நம்ம தெருக் கிழவிகளைக் கேட்டு, அதை மதிப்பீட்டில் எழுதவையுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததை எழுதி வாங்குங்கள்.