எடை எந்திரம் காட்டாதது

பருமனான குழந்தைகளின் ரத்தத்தில் பெரும்பாலும் முதலில் ஏறுவது டிரைகிளிசரைடு. கூடவே நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறையும். மொத்தக் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கலாம். இன்சுலினுக்கு உடல் மசியாதபோது கல்லீரல் கூடுதல் கொழுப்பை ரத்தத்தில் விடுவதே காரணம். பின்கழுத்துக் கருமை இந்த இன்சுலின் மசியாமையின் வெளி அடையாளம். அழுக்கென்று நினைத்துப் பீர்க்கன் நாரால் தேய்க்கும் வீடுகள்தான் அதிகம்.

2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 5-9 வயதினரில் 34 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வில் அதிக எடையும் பருமனும் தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6. அதற்காக வடசென்னையின் புளியந்தோப்பு மாநகராட்சிப் பள்ளிகள் இதில் நிம்மதி தேட முடியாது: ஒல்லியாகத் தெரியும் இந்தியக் குழந்தைக்கும் வயிற்றில் கொழுப்பு சேரும். பள்ளி மருத்துவ முகாம்களில் எடையோடு இடுப்பளவும் கழுத்தும் பார்க்கப்பட வேண்டும்; அதற்கு ஒரு இஞ்ச் டேப் போதும். சந்தேகமுள்ள பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.