பழைய கேமரா போதாதா?

படம் எடுக்கப் புறப்படும் கோவை நண்பர்கள் சிலர் புத்தம்புதிய கேமராவை மாதத் தவணையில் வாங்கிவிட்டு, லென்ஸுக்குக் காசின்றி நிற்கிறார்கள். இது தலைகீழான கணக்கு.

2008இல் வந்த நிக்கான் டி90 தரும் படம் 4288க்கு 2848 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் அகலம் 14 அங்குலம். நம் சிற்றிதழ்களில் எதன் அட்டை அவ்வளவு பெரிது?

இருட்டில் புதிய கருவியே மேல் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையின் விடியற்கருக்கலில், கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸின் எஃப் 5.6 திறப்பைவிட, பழைய 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். இதைப் புதுக் கேமராவின் விளம்பரம் சொல்லுமா?

ஓர் எச்சரிக்கை. இன்னும் மலிவு என்று டி40ஐ எடுத்துவிடாதீர்கள். அதனுள் குவிய மோட்டார் இல்லை; இந்த லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மாடு அதுவரை நிற்காது. டி90இல் அந்த மோட்டார் உண்டு.

லென்ஸ் வால்பாறை மழையில் கிடந்ததென்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை தெரிந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.