ஓசை அடங்கிய துவக்கு

நாயாற்றுக் களப்பின் கரையில் ஒரு மாலைப்பொழுது. மீனவர்கள் வலைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அதிலே ஒரு குதிரை வீரன். அவனுடைய காலின் அருகே, சேணத்தோடு பிணைத்த தோலுறையில் ஒரு வேட்டைத் துவக்கு. குழலின் நுனியில் உருளை வடிவான ஒரு கருவி பொருத்தப்பட்டிருந்தது.

"அப்பப்பா, இது சத்தம் கேளாத துவக்கோ?" என்று கேட்டான்.

"சத்தம் குறையும் ராசா, அடியோடு இல்லாமற் போகாது," என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்னவை மாணவ நேயர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

ஹைரம் பெர்சி மக்சிம் என்ற அமெரிக்கர் இக்கருவிக்கு 1909 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவருடைய தந்தையாரே மக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். தந்தை உலகத்துக்குப் பேரோசையைக் கொடுத்தார். மைந்தர் அதை அடக்க வழி தேடினார். மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் சைலன்சரை யாவரும் அறிவோம். துவக்கின் கருவியும் அந்த முறையிலேயே வேலை செய்கின்றது. குண்டின் பின்னால் சீறி வரும் வெப்ப வாயு ஒரே கணத்தில் வெளியே பாய்வதால்தான் பெருமுழக்கம் எழுகின்றது. கருவியின் உள்ளே அடுத்தடுத்துள்ள அறைகள் அவ்வாயுவைத் தடுத்து, ஆறவைத்து, மெல்ல வெளியேற விடுகின்றன.

ஆயினும் ஓசை இரண்டு வகைப்படும். வாயுவின் முழக்கம் ஒன்று. குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் ஒலி மற்றொன்று. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். இக்கால வேட்டைத் துவக்கின் குண்டோ 800 மீற்றருக்கு மேலும் பாயக்கூடும். ஒலியை முந்திச் செல்லும் பொருள் எழுப்பும் வெடிப்பொலியை இக்கருவியால் தடுக்க இயலாது. ஆகவே 160 டெசிபல் அளவான முழக்கம் 20 அல்லது 30 டெசிபல் குறையுமேயன்றி மௌனமாகிவிடாது. எனினும் சுடுபவனின் செவிக்கு அது பெரிய நன்மை. நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில் வேட்டைக்காரர் இதனை வெளிப்படையாகவே பயன்படுத்துகின்றனர்.

குதிரைக்கும் இதனால் ஆறுதல் உண்டு. குதிரையின் செவி மிகவும் கூர்மையானது. ஆனால் வேறு தொல்லைகள் வருகின்றன. குதிரைமேல் கொண்டுசெல்லும் துவக்கு குறுகியதாய் இருக்க வேண்டும். குதிரைப் படையினருக்குக் கார்பைன் என்னும் குறுந்துவக்கைக் கொடுத்தது இதனாலேதான். கருவியைப் பொருத்தினால் குழல் ஒரு சாண் நீள்கின்றது, நுனியும் கனக்கின்றது. தோலுறை பொருந்தாது; பற்றைகளில் சிக்கும். சுட்டவுடன் உறையில் செருகினால், கொதிக்கும் கருவி குதிரையின் விலாவைச் சுட்டுவிடும். முதுகிலே மாட்டிக்கொண்டு விழுந்தவனுக்கோ முதுகெலும்பு முறியவும் கூடும். ஆதலால் அனுபவசாலிகள் கருவியைக் கழற்றித் தனியே வைத்து, துவக்கை வெறுமையாக்கிய பின்னரே குதிரை ஏறுவர். நிலத்தில் இறங்கி நின்ற பிறகே குண்டு போடுவர்.

"எங்கள் காட்டிலும் இப்படிக் குதிரையில் போய்ச் சுட்டார்களோ?" என்று பேரன் தொடர்ந்தான்.

வெள்ளைக்காரத் துரைமார் இலங்கைக் காடுகளுக்குக் குதிரையில் சென்றனர்; ஆனால் அவர்களுடைய துவக்குகள் பெரும்பாலும் ஏவலாளரின் தோளிலே சென்றன. இலங்கை வேட்டையைப் பற்றி 1854 இல் நூல் எழுதிய சாமுவேல் பேக்கரின் பெருந்துவக்கு ஒன்றின் எடை 21 இறாத்தல். அதைச் சுமந்துகொண்டு குதிரை ஏறுவது எங்ஙனம்?

அக்காலத் துவக்குகளின் முழக்கம் காடு முழுவதும் கேட்கும்; புகையோ கண்ணை மறைக்கும். அப்படியிருந்தும் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், கொல்லப்பட்ட 3500 யானைகளுக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்ததாக எமேர்சன் ரெனன்ட் எழுதி வைத்திருக்கின்றார்.

பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சத்தமில்லாத துவக்கு அவர்களிடம் இருந்திருந்தால்?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை என் இளமைக்கு இழுத்துச் சென்றது. காணாமற்போன மாட்டைத் தேடி ஒருநாள் காட்டுக்குள் புகுந்தேன். திடீரென்று ஒரு வெடி. நெஞ்சு பதற, "ஆள் நிக்குது! ஆள் நிக்குது!" என்று கத்தினேன். பதிற்குரல் மிக அருகில் வந்தது. இடியன் துவக்கோடு ஒரு முதியவர் வெளிப்பட்டார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. முதல் வெடி தவறியதால் மீண்டும் மருந்து இடித்து நிரப்பி, அசைந்த பற்றையை நோக்கிக் குறிவைத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பற்றையை அசைத்தவன் நானே. முதல் வெடியின் ஓசை என் செவியில் விழாதிருந்தால் இன்று இந்தப் பத்தியை எழுத நான் இல்லை.

காட்டில் வெடியோசை ஒரு சாட்சி. "இங்கே ஒருவன் நிற்கின்றான்" என்று தேன் எடுப்பவனுக்கும் விறகு பொறுக்குபவளுக்கும் அது அறிவிக்கின்றது. எஞ்சிய மானுக்கும் மரைக்கும் ஓடித் தப்ப அவகாசம் தருகின்றது. கட்டுத்துவக்கை நாம் அஞ்சுவது ஏன்? பொறி தட்டும் வரை அது வாய் திறப்பதில்லை என்பதால் அன்றோ? அது விலங்கையும் அறியாது, மனிதரையும் அறியாது.

நோர்வேயிலே செவியைக் காக்கும் கருவி, களவாக வேட்டையாடுபவன் கையில் அகப்பட்டால் குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடும். வன விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் நம் நாட்டில் உண்டு. ஆனால் ஓசை எழாத இடத்துக்குச் சட்டத்தின் காவலர் எவ்வாறு வருவர்?

2009 வரை இம்மண் கேட்ட வெடியோசை போதும் போதும் என்பதை நான் அறிவேன். அந்த ஓசை இனி வேண்டாம் என்றால், ஓசையை அடக்கி என்ன பயன்? துவக்கையல்லவா கீழே வைக்க வேண்டும்!

இருள் கவிந்தது. களப்பின் மேல் பறவைகள் கூடு திரும்பின. பேரன் புத்தகத்தை மூடிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.