ஈயச் சட்டிக்கு எந்த வெப்பமானி?

மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூட வெப்பமானியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 110 பாகை செல்சியஸோடு கோடுகள் முடிந்துவிடும். ஈயம் உருகுவதோ 327.5 பாகையில். இதை உருகிய ஈயத்தில் விட்டால், உள்ளிருக்கும் திரவம் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடைந்து சிதறும். பங்சாரில் என்னிடம் படிக்கும் படிவம் 4 மாணவர் ஒருவர், வீட்டின் பின்புறம் தூண்டில் ஈயம் வார்க்கும் தம் மாமாவுக்காக, "எந்த வெப்பமானி வாங்கலாம், டீச்சர்?" என்று கேட்டார். கருவியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி அல்ல இது என்பது என் கருத்து.

முதலில் பாதரசம். அது சுமார் 357 பாகையில் கொதிக்கும். ஈயம் வார்ப்பவர்கள் 350 முதல் 400 பாகை வரை சூடேற்றுவார்கள். நைட்ரஜன் வாயு அடைத்த சிறப்புப் பாதரச வெப்பமானிகள் இந்தச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால், ஒரு நச்சு உலோகத்தை அளக்க இன்னொரு நச்சு உலோகத்தைக் கண்ணாடிக்குள் வைத்து நீட்டுவானேன்?

கோவிட் காலத்தில் பேரங்காடி வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அந்த அகச்சிவப்புக் கருவி? அது உடல் வெப்பத்துக்கானது. தொழிற்கூடங்களுக்கென 500 பாகைக்கு மேல் அளக்கும் வகையும் உண்டு. அதுவும் இங்கே ஏமாற்றும். பளபளக்கும் உலோகம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே வெளிவிடும். அதனால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சற்று நேரத்தில் மேலே சாம்பல் நிற ஆக்சைடு ஆடை படர்ந்ததும், அதே சட்டிக்கு வேறோர் எண் வரும்.

பொருத்தமானது வெப்ப மின்னிரட்டை, அதாவது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, இணைப்பைச் சூடேற்றினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். இதை 1821இல் கவனித்தவர் தாமஸ் சீபெக். நிக்கல் கலப்புலோகக் கம்பிகளாலான 'கே' வகை, பாகைக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். ஈயம் உருகும் இடத்தில் 13 மில்லிவோல்ட்டைத் தாண்டியிருக்கும். 1,000 பாகைக்கு மேலும் தாங்கும். ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான மல்டிமீட்டருடன் வரும் மெல்லிய கம்பியை அப்படியே ஈயத்தில் முக்கக்கூடாது. அதன் உறை அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அமைந்த முனைதான் வேண்டும்.

சரி, அந்தக் கருவி உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சட்டியில் பாதி திண்மமும் பாதி திரவமுமாக ஈயம் இருக்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். இறங்கிக்கொண்டே வந்த எண் ஓரிடத்தில் நிற்கும். உறைவின் உள்ளுறை வெப்பம் வெளிவரும்வரை அது நகராது. நாப்தலீன் குளிர்வு வரைபடத்தில் நீங்கள் வரைந்த அதே கிடைக்கோடு! தூய ஈயம் என்றால் அது 327இல் நிற்க வேண்டும். 320 என்று காட்டி அசையாமல் நின்றால், கருவியில் பிழை இருக்கலாம், அல்லது ஈயத்தில் வெள்ளீயமோ ஆன்டிமனியோ கலந்திருக்கலாம். படிவம் 4 இயற்பியலில் பனிக்கட்டியையும் நீராவியையும் வைத்து வெப்பமானியை அளவு திருத்துகிறோம். இங்கே ஈயமே அந்த வேலையைச் செய்கிறது.

வெப்பமானி இல்லாமலும் வார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. ஆகவே சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகடுகளை அதற்கு உருக்கியதாகச் சொல்வார்கள். ஃபாரன்ஹீட் தம் பாதரச வெப்பமானியை உருவாக்கியதே 1714இல்தான்! உருகிய உலோகத்தில் காகிதத் துண்டை நனைத்து, அது பழுப்பாகிறதா, கருகுகிறதா என்று பார்ப்பது அச்சகங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம்.

ஆனால் நல்ல வெப்பமானி வாங்கிவிட்டால் மாமா பாதுகாப்பாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். சூட்டை அளவோடு வைத்தால் ஈய ஆவி குறையும், உண்மை. மேலே படரும் கசடைத் தட்டி எடுக்கும்போது பறக்கும் தூசியை எந்த வெப்பமானியும் காட்டாது. அது சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வரும். தரையில் தவழும் தம்பி தங்கையின் கைக்குப் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல், விழுங்கிய ஈயத்தை 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. ஈரமான அச்சில் ஈயத்தை ஊற்றினால் நீர் நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து, உலோகத்தை முகத்தில் அடிக்கும். ஆகவே வீட்டில் ஈயம் உருக்கவே வேண்டாம் என்பேன். தூண்டில் குண்டு கடையிலேயே கிடைக்கிறது.

உருக்கிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு வெள்ளீயம் இருக்கிறது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து அள்ளிய உலோகம் அது. 1885இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் இன்று செத்தாப்பாக்கில் வார்க்கும் பியூட்டர், சிறிதளவு செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்த வெள்ளீயம்தான், ஈயம் இல்லை. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். அதே 'கே' வகை முனை போதும். பள்ளி ஆய்வுக்கூடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியர் அருகில் நிற்க, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வரைபடம் வரையுங்கள். உங்கள் கோடு 232இல் நிற்கிறதா என்று எழுதி அனுப்புங்கள்.