பதிவேடு வைத்திருந்த கன்னியாஸ்திரி

'பாகிஸ்தானின் அன்னை தெரசா' என்று தலைப்புப் போட்டுவிட்டால் ரூத் ஃபாவைப் பற்றி எழுதும் வேலை பாதி முடிந்துவிடும். 2017 ஆகஸ்ட் 10 அன்று அவர் கராச்சியில் காலமானபோது உலகப் பத்திரிகைகள் பலவும் அப்படித்தான் எழுதின. மரியாதைக்காகச் சூட்டிய பட்டம்தான். ஆனால், ஜெர்மனியில் பிறந்து, 57 ஆண்டுகள் பாகிஸ்தானில் உழைத்த இந்தக் கத்தோலிக்கத் துறவி உண்மையில் சாதித்தது என்ன என்பதை அந்தப் பட்டமே மறைத்துவிடுகிறது.

கருணை, தியாகம், அர்ப்பணிப்பு... கன்னியாஸ்திரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே தாமாக வந்து விழும் சொற்கள் இவை. பொய்யும் அல்ல. ஆனால், தொழுநோயைக் குணப்படுத்துவது மாத்திரை. அந்த மாத்திரை, வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் அதை இடையில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். அவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், வண்டி வேண்டும், எல்லாவற்றையும்விட ஒழுங்காக எழுதிய பதிவேடு வேண்டும். ரூத் ஃபாவின் வாழ்க்கையை நான் அந்தப் பதிவேட்டின் வழியாகவே படிக்க விரும்புகிறேன்.

1929இல் லைப்சிக் நகரில் புராட்டஸ்டன்ட் குடும்பமொன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் வீடு போனது. கிழக்கு ஜெர்மனி சோவியத் பிடிக்குள் போனதும் மேற்கே தப்பி வந்து மருத்துவம் படித்தார். அந்த நாள்களில், நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட டச்சுப் பெண் ஒருவரைச் சந்திக்கிறார். தன்னை வதைத்தவர்கள் மீது வெறுப்பில்லாமல், அன்பையும் மன்னிப்பையும் பேசிக்கொண்டிருந்தவர் அவர். அந்தச் சந்திப்பு ரூத்தைப் புரட்டிப்போட்டது. 1953இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1957இல் மரியின் இதயப் புதல்வியர் சபையில் துறவியானார்.

இந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்கள் மூடப்பட்டு, துறவிகள் வேட்டையாடப்பட்ட காலத்தில் பியர் டி குளோரிவியேர் என்ற குருவும் அடிலேட் டி சிஸே என்ற பெண்மணியும் தொடங்கிய சபை இது. மறைந்து வாழ வேண்டிய நெருக்கடியில் பிறந்ததால் இதன் சகோதரிகளுக்குத் தனிச் சீருடை கிடையாது. ஊரோடு ஊராக வாழ்வார்கள். ஆபத்துக்குச் செய்த ஏற்பாடு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு கராச்சியில் வேறு விதத்தில் கைகொடுத்தது. ரூத் ஃபாவ் சல்வார் கமீஸும் தலையில் துப்பட்டாவுமாக அந்த ஊர்ப் பெண்களைப் போலவே நடமாடினார்.

சபை அவரை அனுப்பியது இந்தியாவுக்குத்தான். விசாச் சிக்கலில் 1960 மார்ச்சில் கராச்சியில் தங்க நேர்ந்தது. மெக்லியட் சாலைக்குப் பின்புறம் இருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்கு அங்கிருந்த சகோதரிகள் அவரை அழைத்துப்போனார்கள். குடிசைகளுக்கு நடுவே ஒரு சின்ன மருந்தகம். ஏறத்தாழ அவர் வயதே இருக்கக்கூடிய பட்டாணிய இளைஞர் ஒருவர் கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றித் தவழ்ந்தபடி உள்ளே வந்தார். ரூத்தை உலுக்கியது அந்த உடலின் நிலையைவிட, அது இயல்பானது என்பதுபோல அந்த இளைஞர் நடந்துகொண்டதுதான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இப்படித் தவழ்வதுதான் தன் விதி என்பதுபோல அவர் வந்துபோனார். இந்தியப் பயணம் அத்தோடு நின்றது.

இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரைகள் நேராகச் சாதனைப் பட்டியலுக்குத் தாவிவிடும். நடுவில் நடந்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1961இல் ரூத் ஃபாவ் தொழுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற நம் வேலூருக்கு வந்தார். மனம் உருகியதும் அப்படியே களத்தில் குதித்துவிடவில்லை. கையிலிருந்த மருத்துவப் பட்டம் இந்த நோய்க்குப் போதாது என்று தெரிந்து படிக்கப்போனார். அன்றைக்கு வேலூர் சாதாரண இடமில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக்காட்டியிருந்தார். விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப்போன விரல் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் தேய்கிறது என்று நிறுவியவரும் அவரே. தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது என்பதால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பிய ஊர் அது. பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தனி ஆய்வு மருத்துவமனையும் இருந்தது. கராச்சியின் கதையில் தமிழ்நாட்டுக்கு இப்படியொரு பங்கு இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

திரும்பிப்போய் அவர் கட்டியெழுப்பியது, சபையின் நிறுவனர் பெயரால் அமைந்த மேரி அடிலேட் தொழுநோய் மையம். 1963இல் கராச்சி சதர் பகுதியில் கட்டிடம் வாங்கி, குடிசை மருந்தகத்தை மருத்துவமனையாக்கினார்கள். டாக்டர் ஜரீனா ஃபசல்போய் அவரோடு சேர்ந்து மருத்துவம் பார்த்தார், பயிற்சியளித்தார். இந்தப் பெயர் பத்திரிகைகளில் அதிகம் அடிபடுவதில்லை. தெரசா மாதிரி ஒரு சித்திரத்தில் இன்னொரு டாக்டருக்கு இடம் இருக்காதல்லவா!

தொழுநோயை மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு பிடிக்க முடியாது. கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும்; இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். முதல் அறிகுறி வெளிறிய ஒரு தேமல். வலிக்காது, அரிக்காது. யார் கவலைப்படுவார்கள்? பஞ்சை நூலாக்கி அந்தத் தேமலின் மேல் மெல்லத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பைத் தடவி, தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதுகு, தொடை என்று உடல் முழுக்கத் தேட வேண்டும். பர்தா முறை இறுக்கமாக இருக்கும் பலூசிஸ்தான் கிராமத்தில் ஆண் மருத்துவர் ஒருவர் இதைச் செய்ய முடியுமா? துப்பட்டா போட்ட ஒரு பெண் மருத்துவருக்குத்தான் கதவு திறந்தது. ஜீப் போகும் இடத்துக்கு ஜீப்பில், போகாத மலைகளுக்கு நடந்து என்று வடக்கே கில்கித் வரைக்கும் போனார். குகையிலும் மாட்டுத்தொழுவத்திலும் அடைத்துவைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தார். சோவியத் படைகள் இருந்த காலத்தில் ஆப்கானிஸ்தானுக்குள்ளும் போயிருக்கிறார்.

ஆனால், ஒரு கன்னியாஸ்திரி எத்தனை மலை ஏற முடியும்? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடைதான் 'லெப்ரசி டெக்னீஷியன்'. நோய் உள்ள பகுதிகளிலிருந்தே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் பலர் நோயாளிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், சிலர் நோயிலிருந்து மீண்டவர்கள். பயிற்சி கொடுத்து அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பினார். மொழி தெரியும், குலம் தெரியும், எந்த வீட்டில் யார் சில நாள்களாகக் கண்ணில் படவில்லை என்பதும் தெரியும். ஒருவர் மாத்திரை வாங்க வரவில்லையென்றால் பதிவேடு காட்டிக்கொடுக்கும், டெக்னீஷியன் கிளம்பிப்போவார். நாடு முழுவதும் 157 மையங்களாக இது விரிந்தது.

அரசை அவர் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனம் நன்றாகச் செயல்பட்டால் அரசுக்கு நிம்மதி. தன் பொறுப்பை மறந்துவிடலாம். நம்மூரிலும் இதைப் பார்க்கிறோம். அரசு மருத்துவமனை கட்டாத ஊரில் கன்னியர் மடத்து மருத்துவமனை இருந்தால், அந்தச் சகோதரிகளைப் பாராட்டிவிட்டுச் சட்டமன்ற உறுப்பினர் போய்விடுவார். ரூத் ஃபாவ் 1968இல் பாகிஸ்தான் அரசைத் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு இணங்கவைத்தார். 1979இல் தொழுநோய் தொடர்பான மத்திய அரசு ஆலோசகர் ஆனார். ஆட்சிகள் மாறின, ராணுவம் வந்தது, போனது, மறுபடி வந்தது. திட்டம் ஓடியது. துறவற வார்த்தைப்பாட்டில் கீழ்ப்படிதலும் ஒன்று. அமைச்சகங்களிடம் அவர் கடைப்பிடித்தது பிடிவாதத்தைத்தான்.

அன்னை தெரசாவோடு ஒப்பிடுவதில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான். தெரசா 1952இல் காளிகாட்டில் தொடங்கியது, சாகக் கிடப்பவர்களைத் தெருவில் சாக விடாமல் காத்த இல்லம். அதன் மதிப்பு வேறு. ஆனால், அங்கே நோயறியும் முறையும் வலிநிவாரணமும் போதாது என்று 1994இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ராபின் ஃபாக்ஸ் எழுதியதை வெறும் காழ்ப்பு என்று தள்ள முடியாது. தெரசாவின் இல்லத்தில் அன்பு சிகிச்சைக்கு முன்னால் நின்றது. ரூத் ஃபாவிடம் சிகிச்சை இல்லாத அன்புக்கு இடமில்லை. இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் மாட்டுவது இருவருக்குமே நியாயமில்லை.

பலன் என்ன? 1980களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் சிகிச்சையில் இருந்த தொழுநோயாளிகள் 19,398 பேர். 2016இல் 531 பேர் என்று அந்நாட்டின் 'டான்' நாளேடு குறிப்பிட்டது. 1996இல் உலக சுகாதார நிறுவனம், தொழுநோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த முதல் ஆசிய நாடுகளில் ஒன்றாகப் பாகிஸ்தானை அறிவித்தது. இந்தப் புகழில் மருந்துக்கும் பங்கு உண்டு. அதுவரை டாப்சோன் மாத்திரையை மட்டும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை பெரிய விடுதலை. ஆனால், அதே மருந்துதான் எல்லா நாடுகளுக்கும் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்கள் பாகிஸ்தானில் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

1988இல் பாகிஸ்தான் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 2002இல் மகசேசே விருது. அவர் இறந்தபோது கராச்சி தூய பேட்ரிக் பேராலயத்தில் திருப்பலி, கொடி போர்த்திய பெட்டி, 19 குண்டு மரியாதை. குடியரசுத் தலைவரும் ராணுவத் தலைமைத் தளபதியும் நேரில் நின்றார்கள். சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள் அச்சத்தோடு வாழும் நாட்டில் ஒரு கன்னியாஸ்திரிக்கு அரசு இறுதிச் சடங்கு. அதைப் பார்த்து நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். என்றாலும், வெளிநாட்டிலிருந்து வந்த துறவியைக் கொண்டாடுவது, உள்ளூரில் சாக்கடை அள்ளும் கிறிஸ்தவருக்குப் பாதுகாப்பளிப்பதைவிட எளிது என்பதையும் அந்த மரியாதைக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கத் தோன்றுகிறது.

தொழுநோய் 'ஒழிப்பு' என்ற அறிவிப்பிலும் ஒரு கண் வேண்டும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் இருந்தாலே அந்த முத்திரை விழுந்துவிடும். இந்தியா 2005இல் அப்படி அறிவித்தது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்கேதான். ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க ஆங்கிலேயர் 1898இல் இயற்றிய சட்டத்தை நாம் ரத்து செய்ததே 2016இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி போனது 2019இல். அறிவிப்பு வந்ததும் நிதி வற்றும், ஊழியர் இடம் மாறுவார், இளம் மருத்துவர்களுக்குத் தேமலைப் பார்த்தால் சந்தேகமே வராது.

கராச்சி மையம் இதற்கு ஒரு வழி கண்டது. தொழுநோய் குறையக் குறைய, தன் ஊழியர்களிடம் காசநோயையும் பார்வையிழப்புத் தடுப்பையும் ஒப்படைத்தது. அதனால் ஆள்கள் கலையவில்லை. காசநோயாளிக்கு மருந்து கொடுக்கப் போகிறவர், அந்த வீட்டுப் பிள்ளையின் முதுகில் வெளிறிய தேமல் இருந்தால் பஞ்சை எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் தொழுநோய்ப் பதிவேட்டிலும் ஒரு பெயர் ஏறும்.