உங்களுக்கு ஸ்டூல் போட்டாங்களே... அவங்க எங்க உட்காருவாங்க?

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரங்களுக்கு வழி சொல்லவே வேணாம். கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டி டவுனுக்குள்ள போனா சேலம் கடைவீதி. ஏசியும் லிஃப்டும் வேணும்னா அஞ்சு ரோடு பக்கம். புடவை செக்‌ஷனுக்குப் போனதும், 'உட்காருங்கக்கா'ன்னு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவாங்க. போட்டவங்க மட்டும் நின்னுகிட்டே இருப்பாங்க. காலையில கடை திறந்ததுல இருந்து அப்படித்தான்.

இது காலங்காலமா இருக்கிற வழக்கம்னு நினைச்சீங்கன்னா, வீட்டுல பாட்டிகிட்ட கேட்டுப்பாருங்க. பழைய ஜவுளிக்கடையில உயரமான மேடை, அதுமேல மெத்தை, வெள்ளை விரிப்பு. செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் உட்காரணும், கடைக்காரரும் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவையைப் பிரிச்சுப் போடுவார். வாங்குறவங்களும் விக்கிறவங்களும் ஒரே உயரம். காஞ்சிபுரம் பட்டுக்கடைகள் சிலதுல இன்னைக்கும் இதைப் பார்க்கலாம்.

அப்புறம் எப்போ நிக்க ஆரம்பிச்சோம்? பெரிய கடைகள் வந்தப்போதான்.

1852-ல் பாரிஸின் 'லெ பான் மார்ஷே' கடைக்குள் அரிஸ்டைட் பூசிகோ பங்குதாரராக வந்தார். விலையை ஒட்டிவை, பேரம் வேண்டாம், வாங்காட்டியும் உள்ளே வந்து சுத்திப்பார்க்கலாம் என்பதெல்லாம் அவர் பரப்பிய பழக்கங்கள். இன்னைக்கு நாம மால்ல செய்யறது அதேதான். யார் எப்போ வருவாங்கன்னு தெரியாது, அதனால ஊழியர் எப்பவும் தயாரா தெரியணும். 'தயாரா' என்பதை முதலாளிகள் 'நின்னுகிட்டு' என்று புரிஞ்சுகிட்டாங்க.

நம்ம பக்கம் அந்தப் பாணியைக் கொண்டுவந்தது சென்னை. சார்லஸ் டூரன்ட், ஜே.டபிள்யூ.ஸ்பென்சர் இருவரும் 1863-64 வாக்கில் மவுன்ட் ரோட்டில் கடை போட்டாங்க. 1895-ல் அது அந்தப் பிரமாண்டமான சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் வசதியானவங்களுக்குமான கடை. 1980-களில் கட்டடம் தீயில் போக, அந்த இடத்தில் வந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, அப்புறம் வேளச்சேரி ஃபீனிக்ஸ்னு கூட்டம் நகர்ந்துபோச்சு. மால்களோட கதை அவ்வளவுதான், விடுங்க.

தமிழ்நாட்டோட நிஜமான டிபார்ட்மென்ட் ஸ்டோர் தி.நகர் ரங்கநாதன் தெருவில்தான் பிறந்தது என்பேன். ஊசியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை ஒரே கட்டடம், யார் வேணும்னாலும் உள்ளே போகலாம், கம்மி விலை. ஸ்பென்சர்ல தயங்கி நின்ன குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலைதான், அதை மறுக்க முடியாது. ஆனா விலை குறைஞ்சதுல ஒரு பங்கு அங்கே நின்ன கால்களோடது. தென்மாவட்டங்கள்ல இருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, விடுதியில் தங்கவெச்சு வேலை வாங்கிய அந்த உலகத்தைத்தான் வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு'வில் காட்டினார். சேலத்துல நாம பார்க்கிற அடுக்குமாடி ஜவுளிக்கடைகளும் அதே மாடலோட பிள்ளைகள்தான்.

சட்டம் என்ன பண்ணுச்சு? பிரிட்டனில் 1899-லேயே கடைப் பெண் ஊழியர்கள் மூணு பேருக்கு ஒரு இருக்கையாவது போடணும்னு சட்டம் வந்துருச்சு. நமக்கு அது வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' அமைப்பு மூலம் போராடினார். முதல் கோரிக்கை நாற்காலிகூட இல்லை, கடைத்தெருவில் கழிப்பறை. அந்தப் போராட்டத்தோட விளைவா 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. பிரிட்டன் மாதிரி பெண்களுக்கு மட்டும், மூணு பேருக்கு ஒண்ணு என்ற கணக்கெல்லாம் இல்லை. எல்லா ஊழியருக்கும் இருக்கை. கேட்க நல்லாத்தான் இருக்கு.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கு. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். அந்த வாய்ப்பு வந்துருச்சா இல்லையான்னு யார் முடிவு பண்றது? ஃப்ளோர் சூப்பர்வைசர். கஸ்டமர் இல்லாத நேரத்துல 'சும்மா நிக்காதே, மடிச்சு அடுக்கு'ன்னு ஒரு வார்த்தை போதும், வாய்ப்பு காலி. ஸ்டூல் பில்லர் ஓரமா கிடக்கும், ஆய்வுக்கு வர்றவங்க கணக்குல அது இருக்கை.

இதோட இன்னொண்ணும் சேருது. 10 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு 2019-ல் அரசு அனுமதி கொடுத்து, பிறகு நீட்டிச்சது. ஒருத்தருக்கு எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை என்ற நிபந்தனைகள் உண்டு. தீபாவளி சீசன்ல அந்த எட்டு மணி நேரம் எங்கே முடியுதுன்னு, இந்த முறை புடவை பிரிச்சுப் போடுற அக்காகிட்டயே கேளுங்க. சூப்பர்வைசர் பக்கத்துல இல்லாதப்போ.