எழுபது பிள்ளைகளுக்கு ஒரு அம்மா

வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டாலே நமக்கு மண்டையிடி வந்துவிடுகிறது. ஊரார் பெற்ற பிள்ளைகள் எழுபது பேரை வளர்த்த ஒரு அம்மாவைப் பற்றி இந்த முறை சொல்கிறேன். ஒரே சமயத்தில் இல்லை, வருஷக்கணக்கில்தான். ஆனாலும் எழுபது!

பெயர் மிஹாரு. ஜப்பானில் நாகனோ மலைப் பக்கம் ஜிகோகுதானி என்ற இடத்தில் வெந்நீர் ஊற்று விடுதி நடத்திய குடும்பத்துப் பெண். கணவர் கிதானி மினோரு 'கோ' ஆட்டக்காரர்.

அதென்ன கோ? குறுக்கே பத்தொன்பது, நெடுக்கே பத்தொன்பது கோடு போட்ட மரப்பலகை. கோடுகள் சந்திக்கிற 361 இடங்களில் ஒருவர் கறுப்புக் காய், மற்றவர் வெள்ளைக் காய் வைத்துக்கொண்டே போக வேண்டும். சதுரங்கம் மாதிரி காயை நகர்த்த முடியாது. எதிராளியின் காயைச் சுற்றி வளைத்தால் எடுத்துவிடலாம். அதிக இடம் வளைத்தவருக்கு ஜெயம். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். கிசெய், மெய்ஜின் என்ற பெரிய பட்டங்களுக்கு ஒரு ஆட்டம் இரண்டு நாள் நடக்கும்! முதல் நாள் முடிவில், அடுத்த காய் எங்கே என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கணும். இப்படி ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவருக்குப் பட்டம்.

ஹோனின்போ என்ற பட்டத்துக்குக் கிதானி மூன்று முறை மோதினார். கிடைக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தம் வீட்டிலேயே தங்க வைத்துக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தது அவர், சரி. சோறு? துணி? ஜுரம்? ராத்திரி அம்மா நினைப்பில் அழுகிற பிள்ளை? அதெல்லாம் மிஹாரு கணக்கு. கிதானி பள்ளி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பள்ளி அடுப்பங்கரையில்தான் நடந்திருக்கும். அந்த நாட்களைப் பற்றி மிஹாருவே பின்னால் ஒரு புத்தகமும் எழுதினார்.

1962-ல் கொரியாவிலிருந்து சோ சிக்குன் என்ற பையன் வந்து சேர்ந்தான். வயசு ஆறு. நம் வீட்டில் ஆறு வயசுக்கு இன்னும் ஊட்டிவிடுகிறோம்! வந்த கையோடு, ஒரு விழா மேடையில் ரின் கைஹோ என்ற பெரிய ஆட்டக்காரரோடு உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளை என்று ஐந்து காய் முன்கூட்டியே வைக்கவிட்டார்கள். பையன் ஜெயித்துவிட்டான்.

அதே வீட்டுக்கு வடக்கே ஹொக்கைடோவிலிருந்து வந்தவர் கோபயாஷி கோயிச்சி. சோவைவிட நாலு வயசு மூத்தவர். பிற்காலத்தில் கிதானி வீட்டு மாப்பிள்ளை ஆனார். மகள் ரெய்கோ, தாமே பேர்பெற்ற ஆட்டக்காரி, அவரைவிடப் பதின்மூன்று வயசு பெரியவர். கிசுகிசுக்க ஊருக்கு விஷயம் கிடைத்திருக்கும். அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1986 ஜனவரியில் கிசெய் பட்டம் சோவிடம். மோத வருகிறவர் கோபயாஷி. ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் சாலை விபத்து. சோவுக்கு இரண்டு காலும் முறிந்தது, இடது கையிலும் அடி. தலையும் வலது கையும் தப்பின. காய் வைக்க அது போதும் என்று சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார், அம்மாடி! இரண்டு ஆட்டம் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் நாலு ஜெயித்துப் பட்டத்தைக் கொண்டுபோனவர் கோபயாஷி.

இந்தப் பக்கம் மகளின் கணவர். அந்தப் பக்கம் ஆறு வயசிலிருந்து சோறு போட்டு வளர்த்த பிள்ளை, அதுவும் கட்டுப் போட்ட காலோடு. மிஹாரு இடத்தில் நாம் இருந்தால் யாருக்காக வேண்டிக்கொள்வது, சொல்லுங்கள்?

சோவும் விட்டுவிடவில்லை. 1990, 91, 92 மூன்று வருஷமும் ஹோனின்போவுக்கு மோத வந்த கோபயாஷியைத் திருப்பி அனுப்பினார். அதிலும் 1992-ல் முதல் மூன்று ஆட்டம் தோற்று, பிறகு நாலையும் ஜெயித்தார். 1994-ல் கிசெய் பட்டமும் அவர் கைக்கே திரும்பி வந்தது.

ரெய்கோ 1996-ல் காலமானார். அவர் மகள் இஸுமி பெண்கள் பட்டங்களை ஜெயித்தவர். தைவானிலிருந்து வந்த சோ யூவைக் கைப்பிடித்தார். இந்த சோ யூவுக்குக் குரு யார் தெரியுமோ? அன்று ஆறு வயசுப் பையனிடம் தோற்ற அதே ரின் கைஹோ! இவர்கள் மகளும், அதாவது மிஹாருவின் கொள்ளுப்பேத்தியும், இப்போது தொழில்முறை ஆட்டக்காரி.